டிபிஎஸ் ரீசெட் செய்வதற்கு முன்னால் ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது: 2014 மாடல் ஹோண்டா சிபிஆர் 250ஆர் வைத்திருக்கிறீர்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கிறது என்று வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்தீர்கள். அன்றிலிருந்து சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் 2,500 வரைக்கும் ஏறி இறங்குகிறது. சில நாள் பட்டென்று அணைந்தும் விடுகிறது. வீடியோவில் சொன்னபடி சாவியைப் போட்டு ஆக்சிலேட்டரை மூன்று முறை முழுக்க முறுக்கிப் பார்த்தாயிற்று, பேட்டரியை ஒரு ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தும் பார்த்தாயிற்று. எதுவும் மாறவில்லை. டிபிஎஸ்ஸை, அதாவது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரை, வீட்டிலேயே ரீசெட் செய்ய முடியுமா, இல்லை ஷோரூமுக்குத்தான் போக வேண்டுமா?

முடியும். இந்த வண்டிக்கு லேப்டாப்கூடத் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டரும் இரண்டு துண்டு ஒயரும் போதும், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இப்போது உங்கள் வண்டி இருக்கிற நிலையில் நேராகப் போய் ரீசெட் செய்யாதீர்கள். ரீசெட் எந்தப் பழுதையும் சரிசெய்யாது. ‘இந்த நொடியில் த்ராட்டில் முழுக்க மூடியிருக்கிறது, இதுதான் பூஜ்ஜியம்’ என்று ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்கு, சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் அது. கேபிள் இழுத்துப் பிடித்து த்ராட்டில் லேசாகத் திறந்திருக்கும்போது ரீசெட் செய்தால், அந்தத் தப்பான இடத்தையே ஈசியூ பூஜ்ஜியம் என்று எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகு கோளாறைத் தேடுவது இரண்டு மடங்கு வேலை.

டிபிஎஸ் பெரிய மாயமெல்லாம் இல்லை. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் இருக்குமே, உள்ளே அதே வேலைதான். மூன்று ஒயர்: ஒன்றில் ஈசியூ அனுப்பும் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது த்ராட்டில் தகடு சுழல்கிறது, அதோடு குமிழும் சுழல்கிறது, சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறுகிறது. மூடியிருக்கும்போது அரை வோல்ட் பக்கம் இருக்கும். முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டைத் தாண்டும். எல்லா வண்டியிலும் மூடிய நிலை ஒரே வோல்ட்டில் வராது. தகடு உட்காரும் இடத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலே எண் மாறிவிடும். அதனால்தான் ஒவ்வொரு வண்டியின் ஈசியூவும் தன் வண்டியின் பூஜ்ஜியத்தைத் தனியாக ஞாபகத்தில் வைத்திருக்கிறது.

சிபிஆர் 250ஆரில் டிபிஎஸ் தனிச் சென்சார் இல்லை. காற்றழுத்தம் அளப்பது, காற்றின் சூடு அளப்பது, த்ராட்டில் நிலை அளப்பது என மூன்றும் சேர்ந்த ஒரே சென்சார் யூனிட், த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்திருக்கும். சுத்தம் செய்யும்போது அதை நீங்கள் கழற்றினீர்களா என்பது முக்கியமான கேள்வி. கழற்றியிருந்தால் ரீசெட் கட்டாயம். கழற்றவில்லை என்றாலும், தகடு உட்காரும் ஓரத்தில் படிந்திருந்த கரி போனதால் பூஜ்ஜியம் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டு அறிகுறிகளுக்கு வருவோம். ஏறி இறங்குவதும் அணைந்துபோவதும் ஒரே நோய் மாதிரித் தெரியும், ஆனால் காரணம் வேறு வேறு.

ஏறி இறங்குவது எதனால்? த்ராட்டில் மூடியிருக்கிறது என்று ஈசியூ நினைக்கிறது, ஆனால் எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் காற்று போகிறது. ஆர்பிஎம் ஏறுகிறது. கையை எடுத்த பிறகும் ஆர்பிஎம் அதிகமாக இருந்தால், வண்டி இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் வருகிறது என்று எடுத்துக்கொண்டு ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழுகிறது. விழுந்ததும் மறுபடி பெட்ரோல் கொடுக்கிறது, மறுபடி ஏறுகிறது. ஊஞ்சல் மாதிரி இது நடந்துகொண்டே இருக்கும். இதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று எங்கிருந்து கூடுதலாக வருகிறது என்பதை. சென்சார் அதற்கு அப்புறம்.

அணைந்துபோவது நேர்மாறு. த்ராட்டில் உண்மையில் மூடிவிட்டது, ஆனால் சிக்னல் வோல்ட் பழைய பூஜ்ஜியத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஓட்டுபவர் ஆக்சிலேட்டரில் இன்னும் கை வைத்திருக்கிறார் என்று ஈசியூ எடுத்துக்கொள்கிறது. ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் நிலையை, தாங்கிப் பிடிக்கும் வால்வுக்கு வேலை கொடுக்காமல் விட்டுவிடுகிறது. நீங்கள் கிளட்சைப் பிடித்ததும் எஞ்சினைத் தாங்க ஆளில்லை, அணைகிறது. இந்த இரண்டாவதுதான் ரீசெட் தீர்க்கிற நோய்.

உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் த்ராட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காரவில்லை என்பதுதான் என் முதல் சந்தேகம். கேபிளை மறுபடி மாட்டியபோது இறுக்கமாகிவிட்டதா பாருங்கள். ஆக்சிலேட்டர் கைப்பிடியின் உள்பக்க விளிம்பில் அளந்தால், கேபிள் இழுக்க ஆரம்பிக்கும் முன்னால் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சும்மா சுழல வேண்டும். இது ஹோண்டா கொடுக்கும் அளவு. நேராக வைத்து ஒரு முறை, ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி ஒரு முறை, வலது கோடிக்குத் திருப்பி ஒரு முறை பாருங்கள். முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் மூன்று நிலையிலும் ‘டக்’கென்று தானாகத் திரும்பி வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பினால் ஆர்பிஎம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் கேபிள் எங்கோ மடங்கியோ, தப்பான வழியில் போயோ இருக்கிறது. என்னிடம் வந்த இந்த மாதிரி வண்டிகளில் பலவற்றுக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்தது, த்ராட்டில் பாடிக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர். கழற்றி மாட்டும்போது அது முழுக்க உள்ளே போய் உட்காராமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பது சகஜம். கிளாம்பை இறுக்கிவிட்டால் மேலிருந்து பார்க்கச் சரியாகத்தான் தெரியும், அடிப்பக்கம் காற்று உறிஞ்சும். விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். பத்து வருடத்தைத் தாண்டிய வண்டி என்பதால் ரப்பரில் வெடிப்பும் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீரை அந்த மூட்டின் மேல் கொஞ்சம் பீய்ச்சுங்கள். ஆர்பிஎம் தடுமாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ இதற்குப் பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடான எஞ்சினுக்கு மேல் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

சுத்தம் செய்ததைப் பற்றியும் கேட்டாக வேண்டும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் கிளீனரைப் பீய்ச்சித் துணியால் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். இந்தத் த்ராட்டில் பாடியின் உள்சுவரில் மாலிப்டினம் பூச்சு இருக்கிறது. தகடு மூடும்போது சுவருக்கும் அதற்கும் உள்ள நூலளவு இடைவெளியை அடைப்பது அந்தப் பூச்சுதான். கடையில் விற்கும் கார்புரேட்டர் கிளீனரை உள்ளே அடிக்கக் கூடாது என்று ஹோண்டா சர்வீஸ் புத்தகங்கள் சொல்வது இதனால்தான். பார்ப்பதற்குக் கறுப்பாகக் கரி மாதிரியே இருப்பதால், கரி என்று நினைத்துப் பூச்சையே சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அதே புத்தகங்களில் இன்னொரு எச்சரிக்கை: கேபிளைக் கழற்றிய நிலையில் தகட்டை முழுக்கத் திறந்து ‘படார்’ என்று விடக் கூடாது, அது மோதும் வேகத்தில் உட்காரும் இடமே நகர்ந்துவிடும், பிறகு ஐடிலிங் சரியாக நிற்காது.

அடுத்ததுதான் எனக்கு அதிகப் பயம். த்ராட்டில் பாடியில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்த ஸ்க்ரூ, நட்டு இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே அளந்து பூட்டியவை. அவற்றைத் தொடவே கூடாது. கார்புரேட்டரில் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிப் பழகிய கை, அந்தப் பொட்டு ஸ்க்ரூவைப் பார்த்ததும் தானாக ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வண்டியைக் கொண்டுவந்தான். அதற்கு முன்பே எங்கோ யாரோ அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருகியிருந்தார்கள். குளிர்ந்த எஞ்சினில் அருமையாக நிற்கும், சூடானதும் 2,000-க்குக் கீழே இறங்கவே இறங்காது. மூன்று தடவை ரீசெட் செய்தேன், ஒவ்வொரு தடவையும் லைட் ‘சரி’ என்றே சொன்னது, வண்டி மட்டும் சரியாகவில்லை. திருகியதை எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்பதற்கு எங்கேயும் அளவு கிடையாது. கடைசியில் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பையன் அந்த மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்துவிட்டுப் போனதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் வண்டியில் அந்தப் பெயின்ட் உடையாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரி என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். முதலில் பேட்டரி: வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அடுத்து சிக்னல். சென்சார் யூனிட்டின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றாமல், பின்பக்கமாக ஒயர் நுழையும் ரப்பர் இடுக்கில் மெல்லிய குண்டூசியைச் செருகி அளக்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். ஒரே மழைக்காலத்தில் உள்ளே பச்சை பிடித்துவிடும். சாவி ஆன், கில் சுவிட்ச் ஓடும் நிலையில், எஞ்சின் ஓடக் கூடாது. 5 வோல்ட் ஒயரில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் வர வேண்டும். சிக்னல் ஒயரில், ஆக்சிலேட்டரை மிக மெதுவாகத் திறக்கும்போது எண் எங்கும் குதிக்காமல், விழாமல், சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்து திரும்பி வந்தால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. அதற்கு ரீசெட் மருந்து இல்லை, சென்சார் யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும். இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஆக்சிலேட்டரைத் திறந்து விடுங்கள், மூடிய வோல்ட்டை எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். பத்து எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் ரீசெட் செய்வதில் அர்த்தம் உண்டு. ஒரு முறை 0.48, ஒரு முறை 0.61 என்று அலைந்தால் கேபிளுக்கோ தகட்டுக்கோ திரும்பிப் போங்கள்.

இனி ரீசெட். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சென்சார் பக்கம் கை போகிறது. சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்கு உள்ளேயோ எதிலும் இணையாமல், மூடி போட்டபடி ஒரு சிவப்புக் கப்ளர் இருக்கும், நான்கு பின். ஷோரூமில் கருவியை மாட்டுவது இதில்தான். நான்கில் ஒன்று எர்த். ஹோண்டாவில் பச்சை ஒயர் எர்த். ஒன்றில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். ஒன்று கருவியோடு பேசும் ஒயர். மிச்சம் இருப்பது சர்வீஸ் ஒயர். எர்த்தையும் சர்வீஸ் ஒயரையும் இணைப்பதுதான் நம் வேலை. 12 வோல்ட் பின்னைத் தப்பாக எர்த்தோடு சேர்த்தால் ஃபியூஸ் போகும். பேசும் ஒயரோடு சேர்த்தால் ஈசியூவே போகலாம். எனவே மல்டிமீட்டரால் 12 வோல்ட் பின் எது, எர்த் எது என்று முதலில் அடையாளம் வைத்துக்கொண்டு, சர்வீஸ் ஒயரின் நிறத்தை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள ஒயரிங் படத்தோடு ஒப்பிட்ட பிறகே இணையுங்கள். நிறம் மாடலுக்கு மாடல் மாறும். வீடியோவில் யாரோ காட்டிய நிறத்தை நம்பி வைக்காதீர்கள்.

அந்த இரண்டையும் ஒயர்த் துண்டால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால் மீட்டரில் கோளாறைக் காட்டும் எஃப்ஐ லைட் பேச ஆரம்பிக்கும். ஈசியூ ஞாபகத்தில் கோளாறு எதுவும் இல்லையென்றால் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கோளாறு இருந்தால் சிமிட்டும்: நீளமான சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு. எட்டு என்றால் டிபிஎஸ், ஏழு என்றால் கூலன்ட் சென்சார், ஒன்பது என்றால் காற்றுச் சூடு, ஒரு நீளமும் இரண்டு குட்டையும் சேர்ந்து பன்னிரண்டு என்றால் இன்ஜெக்டர், இரண்டு நீளமும் ஒன்பது குட்டையும் என்றால் ஐடிலிங் வால்வு. ஏதாவது எண் வந்தால் அதைத் தீர்த்துவிட்டு அழிக்க வேண்டும். அழிப்பது எளிது: சாவி ஆனில் இருக்கும்போதே ஒயர்த் துண்டை எடுங்கள், லைட் ஐந்து விநாடி எரியும், அது அணைவதற்குள் மறுபடி இணையுங்கள். லைட் அணைந்து சிமிட்ட ஆரம்பித்தால் அழிந்தது. இந்தக் கணக்கு பேட்டரியைக் கழற்றினாலும் ஈசியூவை விட்டுப் போகாது; பூஜ்ஜியமும் அப்படித்தான். நீங்கள் ஒரு ராத்திரி பேட்டரியைக் கழற்றி வைத்தது பலிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஞாபகம் சுத்தமானதும் சாவியை ஆஃப் செய்யுங்கள். சிவப்புக் கப்ளரில் ஒயர்த் துண்டு அப்படியே இருக்கட்டும். கூலன்ட் சூட்டைச் சொல்லும் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். கழன்று வந்த கப்ளரில், அதாவது ஒயர் பக்கத்தில், ஈசியூவுக்குப் போகும் சிக்னலையும் எர்த்தையும் இன்னொரு ஒயர்த் துண்டால் இணையுங்கள். சென்சார் பக்கத்தில் இணைத்தால் பயனில்லை. ஆக்சிலேட்டரில் யார் கையும் இருக்கக் கூடாது. இப்போது சாவியைப் போடுங்கள். எஃப்ஐ லைட் சிமிட்ட ஆரம்பிக்கும். பத்து விநாடிக்குள், சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே, கூலன்ட் கப்ளரில் செருகிய ஒயர்த் துண்டை உருவி எடுங்கள். லைட் விடாமல் குட்டை குட்டையாகச் சிமிட்டினால் ஈசியூ புதிய பூஜ்ஜியத்தை எழுதிக்கொண்டது. சிமிட்டாமல் எரிந்தபடியே நின்றுவிட்டால் பத்து விநாடி தாண்டிவிட்டது. சாவியை ஆஃப் செய்து முதலிலிருந்து செய்யுங்கள். முடிந்ததும் சாவி ஆஃப், கூலன்ட் கப்ளரை மாட்டி, சிவப்புக் கப்ளரின் ஒயரை எடுத்து மூடியைப் போடுங்கள்.

கூலன்ட் சென்சாருக்கும் டிபிஎஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பீர்கள். நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. சர்வீஸ் ஒயர் எர்த்தில் இருக்கிறது, கூலன்ட் சிக்னல் பூஜ்ஜிய வோல்ட்டில் நிற்கிறது. ஓடுகிற வண்டியில் இந்த இரண்டும் தற்செயலாக ஒரே நேரத்தில் நடக்கவே நடக்காது. அதனால் இந்தச் சேர்க்கையையே ‘பூஜ்ஜியத்தைப் புதிதாக எழுது’ என்ற கட்டளையாக வைத்திருக்கிறார்கள். கருவி இல்லாத மெக்கானிக்கும் செய்யட்டும் என்று யாரோ யோசித்து வைத்த வழி இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

மூன்று முறை முறுக்குவது எங்கிருந்து வந்தது என்றால், அது வேறு வண்டிகளின் பழக்கம். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் எஞ்சின் வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு ஆக்சிலேட்டரை ஒன்றிரண்டு முறை முழுக்கத் திறந்து மூட வேண்டும். ஈசியூ இரண்டு கோடியையும் அப்படித்தான் தெரிந்துகொள்ளும். டிரையம்ஃப் வண்டிக்காரர்கள் ஆக்சிலேட்டரைத் தொடாமல் பன்னிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓட விடுவார்கள். கேடிஎம்காரர்களுக்கு அதுவே பதினைந்து நிமிடம். சுசூகியின் எஸ்வி 650 போன்ற வண்டிகளில் சர்வீஸ் கப்ளரை இணைத்தால் மீட்டரில் சி00 என்று வரும், அதற்கு முன்னால் ஒரு சிறு கோடு. கோடு மேலேயோ கீழேயோ இருந்தால் சென்சாரையே லேசாகச் சுழற்றி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றும் அந்தந்த வண்டியில் சரி. ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால், உங்களுக்கு நடந்தது மாதிரி, ஒன்றும் நடக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கேபிளே இல்லாத வண்டிகளில், 2017-க்குப் பிந்தைய 390 டியூக் மாதிரி மோட்டாரால் த்ராட்டில் திறக்கும் வண்டிகளில், ஒயர்த் துண்டு வைத்து எதுவும் செய்யாதீர்கள். அங்கே ஒன்றையொன்று சரிபார்க்க இரட்டைச் சென்சார்கள் இருக்கும், கருவி இல்லாமல் கை வைக்கிற இடம் அது இல்லை. ஆறு பின் சிவப்புக் கப்ளர் உள்ள புதிய வண்டிகளுக்கும் நான் மேலே சொன்ன பின் கணக்கு பொருந்தாது. ஏர்கூல்டு ஹோண்டாக்களில் கூலன்ட் சென்சாருக்குப் பதில் ஆயில் சூட்டுச் சென்சார் கப்ளரில் இதே வேலை நடக்கும்.

ரீசெட் ஆன பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும் வரைக்கும் ஓட விடுங்கள். சூடான எஞ்சினில் ஆர்பிஎம் 1,400-ல் நிற்க வேண்டும். நூறு கூடக் குறைய இருக்கலாம். பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கிளட்சைப் பிடித்து நின்று பாருங்கள். அணைவது நின்றுவிட்டு ஏறி இறங்குவது மட்டும் மிச்சமிருந்தால் மறுபடி ரீசெட் செய்ய வேண்டாம். ஐடிலிங் வால்வைக் கழற்றி அதன் முனையிலும் துளையிலும் கரி இருக்கிறதா பாருங்கள், ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள்.

மூடிய நிலையின் பத்து எண்கள், முழுக்கத் திறந்த நிலையின் வோல்ட், லைட் எத்தனை முறை சிமிட்டியது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வெள்ளைப் பொட்டு ஸ்க்ரூவின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.